கைக்குள் அடங்கும் ரத்தச் சோதனைக் கருவி: ஒரு டெஸ்லா காந்தம் அவசியமா?

கேள்வி, பிப்ரவரி 3

ஒரு துளி ரத்தத்தை வைத்து டி2 (காந்தத்துக்குள் துளி தரும் சிக்னல் மங்கும் நேரம்) அளக்கும் சிறிய என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவி ஒன்று செய்யும் எண்ணம் இருக்கிறது. படித்த வரையில் காந்தப்புலம் கூடினால் சிக்னலும் கூடும். என்52 தர நியோடிமியம் கட்டிகள் இரண்டை எதிரெதிரே நிறுத்தி, பின்னால் இரும்புச் சட்டம் போட்டு, ஒரு டெஸ்லா எடுத்துவிட்டால் காந்த வேலை முடிந்தது. மீதி மின்னணு வேலைதான். நான் நினைப்பது சரிதானே?

பிப்ரவரி 3, இரவு

இல்லை. மூன்று இடத்தில் இடிக்கிறது. ஒரு டெஸ்லா தேவையில்லை. என்52 வேண்டாம். காந்த வேலை கடைசி வரை முடியாது. நானும் இதே கணக்கோடு தொடங்கியவன்தான். இழுப்பறையில் இப்போது மூன்று காந்த வளையங்கள் கிடக்கின்றன, ஒன்றுதான் உருப்படி. நாளை விவரமாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 4

எதை அளக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் காந்தம் வாங்கக் கூடாது. என்.எம்.ஆரில் இரண்டு வேறு வேலைகள் உண்டு. ஒன்று நிறமாலை. மூலக்கூறுக்குள் ஒரு ஹைட்ரஜன் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது. அங்கே உச்சங்கள் ஒன்றுக்கொன்று ஒரு சில பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தள்ளித்தான் நிற்கும். அவற்றைப் பிரிக்க வேண்டுமானால் துளி முழுவதும் புலம் 0.1 பி.பி.எம். அளவுக்காவது ஒரே மாதிரி இருக்க வேண்டும். மற்றது தளர்வு நேரம். சிக்னல் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்று மட்டும் பார்ப்பது. நீங்கள் கேட்ட டி2 இந்த இரண்டாம் வகை.

இதில் புலம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். காரணம், 1950இல் இயற்பியலர் ஹான் கண்டுபிடித்த எதிரொலி: இன்னொரு ரேடியோ துடிப்பு கொடுத்தால் மங்கிய சிக்னல் திரும்ப எழும். அதைக் காரும் பர்செல்லும் 1954இல் தொடராக நீட்டினார்கள். துடிப்பின் பிழை எதிரொலிக்கு எதிரொலி சேர்ந்துகொண்டே போகாமல் மெய்பூமும் கில்லும் 1958இல் சரிசெய்தார்கள். நால்வரின் முதலெழுத்தைச் சேர்த்து சி.பி.எம்.ஜி. என்கிறோம். பாவம், ஹானின் எழுத்து அதில் இல்லை. ஓட்டக்காரர்கள் பாதி வழியில் திரும்பி ஓடும் உவமையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் விடுகிறேன். இடத்துக்கு இடம் புலம் மாறுவதால் வரும் கலைவை எதிரொலி மீட்டுத் தந்துவிடும். துளியின் சொந்தக் கலைவை மீட்க முடியாது, நாம் அளப்பது அதைத்தான். ஆகவே சில நூறு பி.பி.எம். கோணல் இருந்தாலும் டி2 கிடைக்கும். காந்தம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்றே சொல்லலாம்.

(பிப்ரவரி 17இல் சேர்த்தது: கடைசி வாக்கியத்தை நம்ப வேண்டாம். கீழே வந்து பாருங்கள்.)

பிப்ரவரி 5

இரும்புச் சட்டம் பற்றி. இரண்டு கட்டி, நடுவே இடைவெளி, சுற்றி இரும்பு. செய்வது சுலபம். துருவத் தகட்டின் முகத்தைச் சீவிச் சீவிப் புலத்தைச் சீராக்கவும் வழி உண்டு. ஆனால் தூக்குகிற எடையில் பாதி வெறும் இரும்பு. இடைவெளியின் ஓரங்களில் புலம் வழிந்து வெளியே போகும்.

ஹால்பாக் வளையம் வேறு கதை. கட்டிகளை வட்டமாக அடுக்க வேண்டும். மையத்திலிருந்து பார்த்தால் ஒரு கட்டி எந்தக் கோணத்தில் நிற்கிறதோ, அதன் காந்தத் திசை அதைப் போல இரண்டு மடங்கு திரும்பியிருக்கும். உள்ளே எல்லாக் கட்டிகளின் புலமும் ஒரே பக்கம் சேரும், வெளியே ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஒரு பக்கம் மட்டும் புலம் காட்டும் அடுக்கை மாலின்சன் 1973இல் எழுதினார். கிளாஸ் ஹால்பாக் பெர்க்லி ஆய்வகத்தில் துகள் முடுக்கிகளுக்காக 1980 வாக்கில் இதை விரிவாக வகுத்தார், பெயரும் அவருக்கே போனது. மருத்துவச் சோதனை அப்போது யார் மனதிலும் இல்லை.

கணக்கு எளிது. வெளி ஆரத்தை உள் ஆரத்தால் வகுத்து, அதன் இயல் மடக்கையை எடுத்து, காந்தப் பொருளின் மீந்த காந்தத்தால் (வெளிப்புலத்தை எடுத்த பிறகும் அதில் தங்கும் காந்தம்) பெருக்கினால் உள்ளே இருக்கும் புலம். நல்ல நியோடிமியத்துக்கு மீந்த காந்தம் 1.3 டெஸ்லா. உள் ஆரம் 10 மில்லிமீட்டர், வெளி ஆரம் 20 என்றால் 0.9 டெஸ்லா வரும்.

இந்தச் சூத்திரத்தில் விகிதம் மட்டும்தான் இருக்கிறது, அளவு இல்லை. எல்லாவற்றையும் பாதியாகச் சுருக்கினாலும் புலம் அதேதான், எடை எட்டில் ஒன்று. மின்காந்தத்தைச் சுருக்கினால் அதே புலத்துக்குக் கம்பியில் மின்னோட்டம் நெருங்கிக் கொதிக்கும். நிலைக்காந்தத்துக்கு அந்தத் தொல்லையே இல்லை. கையில் பிடிக்கிற என்.எம்.ஆர். என்று ஒருவர் பேசத் துணிவதே இதனால்தான்.

பிப்ரவரி 6

நேற்று எழுதிய 0.9 டெஸ்லா முடிவில்லாத நீளக் குழாய்க்கு. உங்கள் பையில் முடிவில்லாத குழாய் இருந்தால் சொல்லுங்கள்.

என் மூன்றாவது வளையம் 20 மில்லிமீட்டர் நீளம்தான். இரு முனையிலும் புலம் கசிவதால் 0.9 என்பது 0.69க்கு இறங்கும். அப்புறம், காந்தத் திசை தொடர்ந்து திரும்பிக்கொண்டே போகும் பொருள் யாரிடமும் கிடையாது, துண்டு துண்டாகத்தான் அடுக்க முடியும். எட்டுத் துண்டு என்றால் இன்னொரு பத்து சதவீதம் போகும், 16 துண்டு என்றால் இரண்டரை சதவீதம்தான். எட்டுத் துண்டில் கடைசியில் கணக்குப்படி 0.62. காந்தப்புலம் அளக்கும் காஸ் மீட்டரில் நான் பார்த்தது 0.6க்கு ஒரு மயிரிழை கீழே. பசைக்காக விட்ட இடுக்குகளைக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. காந்தம் மட்டும் 140 கிராம். என்னைக் கேட்டால் இது தோல்வியே அல்ல.

புரோட்டானின், அதாவது ஹைட்ரஜன் அணுக்கருவின், அதிர்வெண் ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ். ஆக 0.6இல் சுமார் 25.5. அந்த அலைவரிசைக்கான மின்னணுப் பாகங்கள் எல்லாமே சாதாரணமாகக் கிடைக்கிறவை.

பிப்ரவரி 9

வெப்பநிலை. இதைப் பற்றி ஒரு புத்தகம் அளவுக்குப் புலம்பலாம்.

நியோடிமியம் காந்தம் ஒரு டிகிரி சூடேறினால் அதன் புலம் ஏறக்குறைய 0.12 சதவீதம் குறையும். கேட்க ஒன்றுமில்லாதது போல் இருக்கும். அது 1200 பி.பி.எம். அரை டெஸ்லாவில் 21.3 மெகாஹெர்ட்ஸ் என்றால், ஒரு டிகிரிக்கு 25 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். பத்து டிகிரி மாறினால் கால் மெகாஹெர்ட்ஸ். துளியைச் சுற்றிச் சிக்னலைக் கேட்கும் கம்பிச் சுருளை நன்றாக இசைத்து வைத்திருந்தால் அது சுருளின் பட்டைக்கு வெளியே போய்விடும், சிக்னல் காணாமல் போகும்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், காலையில் அழகாக வந்த எதிரொலி தினமும் மதியம் செத்துப்போகும். இரண்டு வாரம் பெருக்கியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். சாலிடரை எல்லாம் மறுபடி உருக்கி ஒட்டினேன். கடைசியில் பார்த்தால் ஜன்னல் வழியே வெயில் மேசையில் நகர்ந்து வந்து சரியாகக் காந்தத்தின் மேல் உட்கார்கிறது.

மூன்று வழி இருக்கிறது. சமேரியம் கோபால்ட் காந்தம் போட்டால் நகர்வு நாலில் ஒன்றாகும், ஆனால் புலம் கொஞ்சம் குறையும், உடைகிற பொருள். காந்தத்தைச் சுற்றுப்புறத்தை விட மேலான ஒரு நிலையான சூட்டில் வைக்கலாம், பேட்டரி தின்னும். அல்லது காந்தம் எங்கே போகிறதோ போகட்டும் என்று விட்டுவிட்டு, ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னால் அதிர்வெண்ணைத் தேடிப் பிடித்து அங்கே போய் அளக்கலாம். மூன்றாவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. மென்பொருளுக்கு எடை கிடையாது.

பிப்ரவரி 10

ஒரு சின்ன எச்சரிக்கை. எவர்சில்வர் திருகு காந்தத்தில் ஒட்டாது என்று நம்பி மூடியில் நாலு திருகு போட்டேன். 304 வகை எஃகு வளைத்து, அழுத்தி, மரை வெட்டும்போது கொஞ்சம் காந்தத் தன்மை பெற்றுவிடும். நாலில் ஒன்று மெல்ல ஒட்டியது. மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அதிர்வெண் வேறு. இப்போது நைலான் திருகு. இடுக்கியும் பிளாஸ்டிக்.

இன்னும் ஒரு திடீர்த் தாவல் இருக்கிறது, 3 கிலோஹெர்ட்ஸ் அளவு, எப்போதாவது வரும். வெப்பநிலையாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 13

என்52 ஏன் வேண்டாம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எண் பெரியது, உண்மை. ஆனால் பின்னால் எழுத்து ஒன்றும் இல்லாத தரங்கள் 80 டிகிரிக்கு மேல் போகக் கூடாதவை. எச் என்றால் 120, எஸ்.எச். என்றால் 150. அந்த எழுத்து சொல்வது எதிர்ப்புலத்தைத் தாங்கும் சக்தியைத்தான். ஹால்பாக் வளையத்தில் சில கட்டிகள் தங்கள் சொந்தத் திசைக்கு எதிரான புலத்தில் காலமெல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. அண்டை வீட்டார் ஓயாமல் எதிர்த்துத் தள்ளும் இடத்தில் மென்மையான ஆளைக் குடிவைத்தால் என்ன ஆகும்?

என் இரண்டாவது வளையத்துக்கு அதுதான் ஆனது. பசை சீக்கிரம் இறுகட்டும் என்று என்52 வளையத்தை 100 டிகிரி அடுப்பில் வைத்தேன். வெளியே எடுத்து ஆற வைத்து அளந்தால் புலம் பத்தில் ஒரு பங்கு காணோம். குளிர்ந்தாலும் திரும்பி வரவில்லை. அதைவிட மோசம், எல்லாக் கட்டியும் ஒரே அளவு இழக்கவில்லை, எதிர்ப்புலத்தில் நின்றவை அதிகம் இழந்தன, புலத்தின் வடிவமே கெட்டுப்போனது. 42எஸ்.எச். போட்டிருந்தால் தொடக்கத்தில் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும், கடைசி வரை அப்படியே நின்றிருக்கும். இழுப்பறையில் கிடக்கும் இரண்டாமவர் இவர்தான். இப்போது காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.

ஒட்டும் வேலையில் விரல் பத்திரம். ஒரு டெஸ்லா உள்ள இடைவெளியில் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ எடை தொங்குவது போன்ற இழுப்பு. கட்டிகள் பீங்கான் மாதிரி சிதறும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் பள்ளம் வெட்டிய அச்சு ஒன்று செய்து, கட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, அடுத்ததைக் கொண்டுவரும் முன் முந்தையதைப் பூட்டிவிட வேண்டும். ஒவ்வொரு கட்டியின் வடமுனையிலும் பேனாவால் புள்ளி வையுங்கள். என் முதல் வளையத்தில் ஒரு கட்டி தலைகீழ். பசை காய்ந்த பிறகுதான் பார்த்தேன்.

பிப்ரவரி 17

நாலாம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். காந்தம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்று எழுதிவிட்டேன், அது பொய்.

ஒரு நண்பர் சுத்தத் தண்ணீரை அளந்து அனுப்பியிருந்தார். டி2 ஒரு நொடி. இரண்டு, மூன்று நொடி வர வேண்டும். தண்ணீரில் அழுக்கா என்று கேட்டார். அழுக்கு தண்ணீரில் இல்லை, காந்தத்தில்.

எதிரொலி மீட்டுத் தருவது அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும் புரோட்டானை மட்டும். தண்ணீர் மூலக்கூறு நிற்காது, விரவிக்கொண்டே இருக்கும். இரண்டு எதிரொலிகளுக்கு நடுவே அது வேறு புலம் உள்ள இடத்துக்கு நகர்ந்துவிட்டால் அந்தக் கலைவு திரும்பி வராது. இந்த இழப்பு புலச் சரிவின் (தூரத்துக்குப் புலம் எவ்வளவு மாறுகிறது என்பதன்) வர்க்கத்தோடு கூடும், எதிரொலிகளுக்கு இடையே உள்ள நேரத்தின் வர்க்கத்தோடும் கூடும்.

எண் போட்டுப் பார்ப்போம். துளி ஒரு மில்லிமீட்டர், அதற்குள் புலம் 2000 பி.பி.எம். மாறுகிறது என்றால், அரை டெஸ்லாவில் சரிவு மீட்டருக்கு ஒரு டெஸ்லா. எதிரொலி இடைவெளி 1 மில்லிநொடி என்றால் விரவல் மட்டுமே டி2வை 73 மில்லிநொடிக்கு இழுத்துவிடும். தண்ணீரின் சொந்த மதிப்பு தெரியவே தெரியாது. இடைவெளியை 0.2 ஆக்கினால் விரவலின் பங்கு 25இல் ஒன்றாகி, சுமார் 1.8 நொடி. அதோடு தண்ணீரின் இரண்டரை நொடியைச் சேர்த்தால் ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல். நண்பருக்கு வந்த எண் அதுதான். இடைவெளியை 0.2 என்றுதான் வைத்திருந்தாராம். பாடப்புத்தகம் இவ்வளவு ஒழுங்காக ஒத்துவருவது எனக்கே சந்தேகமாக இருந்தது, திரும்ப அளக்கச் சொன்னேன், அதே எண்.

இதை இன்னொரு பக்கமும் கொண்டுபோய்ப் பாருங்கள். வளையத்தைப் பாதியாகச் சுருக்கினால் எதுவும் கெடாது என்று ஐந்தாம் தேதி மகிழ்ந்தேனே? பி.பி.எம். கெடாது. ஆனால் அதே பி.பி.எம். பாதி தூரத்தில் நடக்கிறது, சரிவு இரட்டிப்பு, விரவல் இழப்பு நாலு மடங்கு. சுருக்குவது இலவசம் இல்லை.

எதிரொலிகளை இன்னும் நெருக்கலாமே என்றால், துடிப்பு முடிந்ததும் சுருளில் அதிர்வு அடங்கச் சில மைக்ரோநொடி வேண்டும், அதற்குள் கேட்டால் நம் குரலே நமக்குக் கேட்கும். நெருக்கமான துடிப்புகள் துளியைச் சூடாக்கவும் செய்யும்.

பிப்ரவரி 17, பின்னிரவு

இதே குறையை ஆயுதமாக்கியவர்களும் உண்டு. ஜெர்மனியின் ஆகன் நகரில் ப்ளூமிச் குழு 1996இல் வெளியிட்ட என்.எம்.ஆர். மவுஸ், காந்தத்தைப் பொருளின் மேல் வைத்துப் பக்கவாட்டில் அளக்கும் கருவி. மீட்டருக்குப் பத்து டெஸ்லா அளவில் சரிவு. அந்தச் சரிவை வைத்தே எந்த ஆழத்திலிருந்து சிக்னல் வருகிறது என்று பிரித்துவிடுவார்கள். துளியைக் குழாயில் போட முடியாத இடத்தில் அந்த வழி.

பிப்ரவரி 20

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு நன்றாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஹார்வர்டில் டோன்ஹீ ஹாம் குழு முதலில் 2 கிலோ, பிறகு 2011இல் வெறும் 0.1 கிலோ எடையில் உள்ளங்கைக் கருவி காட்டியது. அவர்கள் ஒப்பிட்டது 120 கிலோ மேசைக் கருவியோடு. சின்னக் காந்தம், அதற்கேற்ற சின்னச் சுருள், மின்னணுவைச் சிப்புக்குள் தள்ளியது என்று மூன்றும் சேர்ந்த வேலை. சுருள் சிறிதானால் அதே அளவு திரவத்திலிருந்து கிடைக்கும் சிக்னல் கூடும். சின்னக் காந்தத்தால் இழந்ததை அங்கே மீட்டார்கள்.

மலேரியாவுக்கு 2014இல் வந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்று, மிச்சத்தை ஹீமோசோயின் என்ற இரும்புப் படிகமாகக் கழிக்கிறது. அது காந்தத்துக்கு வசப்படுகிற பொருள். சிவப்பணுக்களைத் தனியே பிரித்தெடுத்து அளந்தால் டி2 சுருங்குகிறது. சாயம் வேண்டாம், ஒட்டுப்பொருள் வேண்டாம். காந்தம் அரை டெஸ்லாதான், கேள்வி கேட்டவர் கவனிக்கவும்.

இன்னொன்று காந்த நுண்துகள் வழி. துகளின் மேல் எதிர்ப்பொருளையோ பொருந்தும் டி.என்.ஏ. இழையையோ பூசிவிட்டால், தேடுகிற கிருமியோ அதன் டி.என்.ஏ. துண்டோ இருக்கும் இடத்தில் துகள்கள் கூட்டமாக ஒட்டும், டி2 மாறும். 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த டி2கேண்டிடா ஐந்து வகை கேண்டிடா பூஞ்சையை வளர்ப்புச் சோதனை இல்லாமல் ரத்தத்திலேயே இப்படித் தேடியது. ஆனால் அது மேசையை அடைக்கும் பெட்டி, கையடக்கம் அல்ல.

இந்தத் துகள் விஷயத்தில் நான் ஏமாந்தேன். துகள்கள் ஒன்றுகூடினால் டி2 குறையும் என்று படித்திருந்தேன். எனக்கு டி2 அதிகரித்தது. பிளஸ், மைனஸ் மாற்றிப் போட்டேனா என்று நிரலை வரி வரியாகத் தேடினேன். நிரலில் பிழை இல்லை. துகள் மிகச் சிறியது என்றால் ஒன்றுகூடும்போது டி2 குறையும். துகள் பெரியது என்றால் ஒன்றுகூடியபின் தண்ணீர் மூலக்கூறு ஒரு கூட்டத்தை விட்டு இன்னொன்றைப் போய்ப் பார்க்க நேரமாகிறது, டி2 அதிகரிக்கும். என் துகள் இரண்டாம் வகை.

பிப்ரவரி 22

ஒன்பதாம் தேதி பெருமையாக "காந்தம் எங்கே போகிறதோ போகட்டும்" என்றேன். பாதி திரும்பப் பெறுகிறேன்.

அதிர்வெண்ணைத் துரத்திப் பிடித்தேன், சிக்னல் சாகவில்லை, நல்லது. ஆனால் டி2 காலையில் ஒன்று, மதியம் ஒன்று. காரணம் துளியே. தண்ணீர் சூடானால் மூலக்கூறுகள் வேகமாக உருளும், டி2 கூடும், டிகிரிக்கு இரண்டு சதவீதம் அளவில். விரவலும் கூடவே ஏறும். தேடுகிற மாற்றமே ஐந்து, பத்து சதவீதம் என்றால் அஞ்சு டிகிரி வித்தியாசம் அதை விழுங்கிவிடும். காந்தத்தைத் துரத்தலாம், துளியைத் துரத்த முடியாது. கடைசியில் துளிக்கு மட்டும் சின்ன ஹீட்டர் போட்டு 37 டிகிரியில் நிறுத்தியிருக்கிறேன். காந்தத்தைச் சூடாக்குவதை விட ரொம்பக் குறைந்த மின்சாரம். ஆனால் அந்தச் சூடு மெல்லக் காந்தத்தின் ஒரு பக்கத்துக்கு ஏறுகிறது, ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் குளிர்ச்சி, சரிவு மாறுகிறது. நடுவில் காற்று இடுக்கு விட்டேன். தேவலை.

ரத்தத்தில் இன்னும் ஒரு சிக்கல். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் காந்தத்துக்கு வசப்படும், ஆக்சிஜன் ஏறியது வசப்படாது. பாலிங்கும் கொரியெல்லும் 1936இல் காட்டியது. ஆகவே குழாயைத் திறந்து வைத்தால் அதே ரத்தம் வேறு எண் சொல்லும். நிறுத்தி வைத்தால் சிவப்பணு கீழே படிந்து, மேலே தெளிவு, கீழே அடர்த்தி, இரண்டு டி2. என் விரலைக் குத்தி எடுத்த ஒரே ரத்தம் அரை மணியில் மூன்று பதில் தந்தபோது, காந்தத்தை மட்டும் திட்டுவது நியாயமில்லை என்று புரிந்தது.

பிப்ரவரி 25

"அப்படியானால் ஒரு டெஸ்லாவால் பயனே இல்லையா" என்று விடாமல் கேட்கிறீர்கள். பயன் உண்டு. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் புலத்தின் ஏழில் நாலு அடுக்கில் ஏறும். மன்னிக்கவும், நாலில் ஏழு அடுக்கில். இரட்டிப்பாக்கினால் 3.4 மடங்கு.

இப்போது விலையைப் பாருங்கள், பணம் அல்ல, எடை. அரை டெஸ்லாவுக்கு ஆர விகிதம் 1.47 போதும். ஒரு டெஸ்லாவுக்கு 2.16. நீளம் அதே என்றால் காந்தம் மூன்று மடங்குக்கு மேல். முனைக் கசிவைச் சேர்த்தால் இன்னும் கூடும். எதிர்ப்புலமும் ஏறுவதால் கட்டிகள் தாங்க வேண்டிய சுமையும் ஏறும்.

அதே 3.4 மடங்கை வேறெப்படிப் பெறலாம்? திரும்பத் திரும்ப அளந்து கூட்டி. பதினோரு, பன்னிரண்டு தடவை. ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து நொடி என்றால் ஒரு நிமிடம். கருவியைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு ஒரு நிமிடம் காத்திருப்பது பெரிதா, எடை மூன்று மடங்காவது பெரிதா? நான் ஒரு நிமிடத்தின் பக்கம்.

பிப்ரவரி 26

எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. தலை நுழைய வேண்டும் என்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் தலைகீழ். துளை அகலமாக ஆக, அரை டெஸ்லா எட்டாக்கனி. அதனால் புலத்தைக் கீழே இறக்கினார்கள். ஹைப்பர்ஃபைன் நிறுவனத்தின் உருட்டிச் செல்லும் மூளை ஸ்கேனர் 0.064 டெஸ்லா, 2020இல் அமெரிக்க அனுமதி பெற்றது. நெதர்லாந்தின் லெய்டனில் ஏறக்குறைய 3000 சிறு கனசதுரக் காந்தங்களை வளையம் வளையமாக அடுக்கி 0.05 டெஸ்லா எடுத்தார்கள். அவர்களும் கூட்டாளிகளும் சேர்ந்த கூட்டணி உகாண்டாவில் உம்பராரா பல்கலைக்கழகத்திலேயே ஒரு கருவியைக் கட்டியது, குழந்தைகளின் தலையில் நீர் கோக்கும் நோய்க்காக. பாஸ்டனில் கூலி, வால்ட் குழுவின் ஹால்பாக் காந்தம் 0.08 டெஸ்லா, 122 கிலோ. அதில் ஒரு சரிவைக் காந்தத்துக்குள்ளேயே வேண்டுமென்றே விட்டு, படம் எடுக்கப் பயன்படுத்தினார்கள். சரிவை உண்டாக்கும் மின்சுருள் ஒன்று தேவைப்படவில்லை.

பிப்ரவரி 28

கட்டிகளைத் தரம் பிரிப்பது. ஒரே பெட்டியில் வந்த கட்டிகளுக்குள்ளேயே வலிமை ஓரிரு சதவீதம் மாறும், காந்தத் திசை ஓரிரு டிகிரி சாய்ந்திருக்கும். கணினியில் 10 பி.பி.எம். காட்டும் வடிவமைப்பு, கட்டியதும் ஆயிரக்கணக்கில் காட்டுவது இதனால்தான். மூன்றாவது வளையத்துக்கு வேண்டியதைப் போல மூன்று மடங்கு கட்டி வாங்கி, ஒவ்வொன்றையும் அதே தாங்கியில், அதே தூரத்தில் ஹால் உணரிக்கு (காந்தப்புலத்தை உணரும் சிறு சிப்) முன்னால் வைத்து அளந்து, எண் ஒட்டினேன். எதிரெதிரே நிற்பவர்கள் ஒரே வலிமையாக இருக்கும்படி எந்தக் கட்டி எங்கே என்று கணினியைக் கொண்டு தேட வைத்தேன். சலிப்பான இரண்டு நாள். என் வாழ்க்கையில் காந்தத்துக்காகச் செய்த மிகப் பயனுள்ள வேலை அதுதான். மிச்சக் கோணலுக்குக் குட்டிக் காந்தத் துண்டுகளை வெளிப்பக்கம் நகர்த்தி நகர்த்திச் சரிசெய்தேன்.

மார்ச் 1

துளி வைக்காமலே சிக்னல் வருகிறது என்றால் பேய் இல்லை. பிளாஸ்டிக்கிலும் பசையிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. சுருளைச் சுற்றி எபாக்சி பூசியிருந்தேன், அதுதான் பேசியது. மிகச் சீக்கிரம் அடங்கும் சிக்னல், முதல் சில எதிரொலிகளைக் கெடுக்கும். டெஃப்லானுக்கு மாறினேன். அதில் ஹைட்ரஜனே இல்லை, ஃபுளூரின் வேறு அதிர்வெண்ணில் போய் உட்காரும்.

மார்ச் 4

விமானத்தில் அனுப்புவது பற்றி. பொதியிலிருந்து 2.1 மீட்டர் தூரத்தில் புலம் மீட்டருக்கு 0.159 ஆம்பியரைத் தாண்டக் கூடாது, அதாவது 0.2 மைக்ரோடெஸ்லா. தாண்டினால் அபாயகரப் பொருள் கணக்கில் போகும். இரும்புச் சட்டக் காந்தத்தைக் கவனமாக மூட வேண்டிவரும், ஹால்பாக் வளையம் பெரும்பாலும் சும்மாவே தப்பிக்கும். இதயமுடுக்கி வைத்தவர்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லும் வரம்பு 0.5 மில்லிடெஸ்லா. பெட்டியின் வெளிமுகத்திலேயே அதற்குக் கீழே வரும்படி செய்துவிட்டால் எச்சரிக்கை ஒட்ட வேண்டிய வேலை மிச்சம். என் வளையத்தின் பக்கவாட்டில் அப்படித்தான். முனைகளில் இல்லை. குட்டையான வளையம், வாய் வழியே கசிகிறது.

மார்ச் 4, கொஞ்ச நேரம் கழித்து

முனை வழியே கசிகிறது என்று எழுதிவிட்டு, அந்த முனைக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பெட்டியைத் திறந்து பார்த்தேன். பேட்டரித் தொட்டி.

மார்ச் 5

பத்தாம் தேதி சொன்ன 3 கிலோஹெர்ட்ஸ் தாவல் நினைவிருக்கிறதா? வெப்பநிலையாகத்தான் இருக்கும் என்று தள்ளிவிட்டேன். குறிப்பேட்டைப் புரட்டினால், தாவல் வந்த ஒவ்வொரு நாளும் பேட்டரி மாற்றிய நாள். சாதாரண உருளை பேட்டரியின் கூடு எஃகு, தொட்டியின் சுருள் வில்லும் எஃகு. ஒவ்வொரு பேட்டரியும் தொட்டியில் அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே உட்கார்கிறது. நைலான் திருகு தேடி அலைந்தவன் காந்தத்தின் வாய்க்கு நேராக நாலு எஃகு உருளைகளை நிறுத்தி வைத்திருந்தேன்.

தட்டையான பை வடிவ லித்தியம் பேட்டரிக்கு மாற்றி, பெட்டியின் எதிர்மூலைக்குக் கொண்டுபோய்விட்டேன். கழற்றி மாட்டினேன், ஏழு தடவை. தாவல் இல்லை. தண்ணீர் 2.4 நொடி சொல்கிறது.